அம்மாவும் ராஞ்ச் பாட்டிலும்

போன மாசம் குளிர்காலத்துல புளிக்காத இட்லி மாவு பத்தி எழுதினதுக்கு நிறைய பேர் பதில் போட்டிருந்தீங்க. அவன் லைட்டை எரிய விட்டு மாவை உள்ள வைக்கிற கட்சிதான் பெரிய கட்சின்னு தெரிஞ்சுது. இந்த மாசம் அதை விட்டுட்டு வேற ஒரு வெள்ளைச் சமாச்சாரம்.

எங்க அம்மா மயிலாடுதுறையிலிருந்து ஃப்ரீமாண்டுக்கு ஆறு மாசம் தங்க வந்தாங்க. பெட்டியைத் திறந்தா நார்த்தங்காய், மோர் மிளகாய், கூழ் வடாம், மூணு விதப் பொடி. கூடவே ஒரு பை நிறைய பிபி மாத்திரை. வந்த ரெண்டாவது வாரம், ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணு கேரட் குச்சியை ராஞ்ச்ல தொட்டு, "அப்பாயி, இதைத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்க"ன்னு நீட்டினா. அவ்வளவுதான். கேரட்டுக்கு ஆரம்பிச்சது வெள்ளரிக்காய்க்குப் போச்சு, அடுத்து அடைக்கு, கடைசியில தோசைக்கு. "தேங்காய் துருவ வேணாம், அரைக்க வேணாம், நல்லாத்தான் இருக்கு"ன்னு அம்மா சொல்ல, என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கே! பத்து வருஷமா "கடைச் சட்னி எல்லாம் ஒரு சட்னியா"ன்னு போன்ல கேட்டுக்கிட்டிருந்த அதே மாமியார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைல தலை கனமா இருக்குன்னாங்க. பிபி மெஷின் 158-க்கு 96 காட்டுச்சு. அரை மணி கழிச்சுப் பார்த்தாலும் 154-க்கு 94. ஊர்ல வழக்கமா 135-ஐத் தாண்டாது.

விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்து அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வந்த எல்லாருக்கும் அந்த நிமிஷம் வயித்துக்குள்ள என்ன பண்ணும்னு தெரியும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அந்தத் திட்டங்கள் பெரும்பாலும் பணம் தராது. திடீர்னு தீவிரமானா மட்டும், ஒரு வரம்பு வரைக்கும், அதுவும் வயசைப் பொறுத்து. நான் பாலிசியை மூணாவது தடவையா படிச்சுக்கிட்டிருந்தேன். என் மனைவி என்னை விட உருப்படியான காரியம் செஞ்சா. ஃப்ரிட்ஜைத் திறந்து, அம்மா சாப்பிடுற ஒவ்வொண்ணோட லேபிளையும் படிக்க ஆரம்பிச்சா.

பாட்டில் ராஞ்ச்ல ரெண்டு மேசைக்கரண்டிக்குச் சோடியம் சுமார் 260 மில்லிகிராம். அமெரிக்க அரசோட உணவு வழிகாட்டி சொல்ற ஒரு நாள் உச்சவரம்பு 2,300 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பு. பிபி இருக்கிறவங்க 1,500-ஐ ஒட்டி நிறுத்துறது நல்லதுன்னு அமெரிக்க இதயச் சங்கம் சொல்லுது. எங்கம்மா ரெண்டு மேசைக்கரண்டியோட நிறுத்துற ஆள் இல்லை. குழிக்கரண்டியால ஊத்திப்பாங்க, ஆறு மேசைக்கரண்டி தாராளமா வரும். காலைலயும் ராத்திரியும் ஊத்தினா அதுலயே 1,500 முடிஞ்சுது. நார்த்தங்காய், அப்பளம், மோர் மிளகாய் கணக்கு தனி. பழியை முழுக்க அமெரிக்காக்காரன் மேல போட முடியாது.

லேபிள்ல இன்னொண்ணும் இருந்தது: முட்டை மஞ்சள் கரு. அம்மா வெள்ளிக்கிழமை முட்டையைத் தொடமாட்டாங்க. சொல்றதா வேணாமான்னு நாங்க ரெண்டு பேரும் சமையலறையில கிசுகிசுத்துக்கிட்டோம். கடைசில பொண்ணு போய்ச் சொல்லிட்டா. அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப நாமளே செஞ்சா என்னப்பா? தயிர் வாசம்தானே அடிக்குது?"ன்னாங்க.

சுத்த சைவக்காரங்களுக்கு இந்த இடத்துலயே ஒரு எச்சரிக்கை. முட்டையோட கதை முடியாது. சீசர் டிரெஸ்ஸிங்ல பெரும்பாலும் நெத்திலி வகை மீன் உண்டு. வூஸ்டர்ஷையர் சாஸ்லயும் வழக்கமா அதே மீன்தான், நம்ம புளியோட சேர்த்து.

ராஞ்ச் கதையைத் தேடிப் பார்த்தப்ப அம்மா சொன்னது அவ்வளவு சரியா இருந்தது. ஸ்டீவ் ஹென்சன்னு ஒருத்தர் அலாஸ்காவுல பிளம்பிங் கான்ட்ராக்டரா இருந்தப்ப கூட வேலை பார்த்தவங்களுக்குச் சமைச்சுப் போட்டிருக்கார். அங்க உருவானதுதான் மோர், மயோனைஸ், மூலிகை கலந்த இந்த டிரெஸ்ஸிங். 1954-ல அவரும் மனைவியும் நம்ம கலிஃபோர்னியாவுல, சான்டா பார்பரா பக்கத்து மலையில ஒரு பண்ணையை வாங்கி ஹிடன் வேலி ராஞ்ச்னு பேர் வெச்சாங்க. வந்து சாப்பிட்டவங்க எல்லாம் கேட்டதால காய்ஞ்ச மசாலாவை மட்டும் பாக்கெட்ல போட்டுத் தபால்ல வித்தாங்க. வீட்டுல மோரும் மயோனைஸும் சேர்த்துக் கலக்கிக்கணும். நம்ம பருப்புப் பொடி வியாபாரம் மாதிரியேதான்! 1972-ல குளோராக்ஸ் கம்பெனி 80 லட்சம் டாலருக்கு வாங்குச்சு. ஆமாம், பிளீச் விக்கிற அதே ஓக்லண்ட் கம்பெனி. அலமாரியில கெடாம நிக்கிற பாட்டில் வந்தது 1983-லதான். அது வரைக்கும் ராஞ்ச்ங்கிறது ஒரு பொடி.

அப்ப நமக்கு வேண்டியதும் ஒரு பொடிதான்.

என் முதல் முயற்சி படுதோல்வி. கொழுப்பே இல்லாத கிரீக் தயிரை எடுத்து, சாந்தன் கம் போட்டா கெட்டியாகும்னு படிச்சு, எடை மெஷின் இல்லாம கண்ணளவுல அரை டீஸ்பூன் போட்டேன். சினிமா போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி இழுத்தது. பொண்ணு பேனாவை அதுல நட்டு வெச்சு வீடியோ எடுத்தா. இன்னொரு தப்பு, எண்ணெயை அறவே விட்டது. 2004-ல அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியில கொழுப்பில்லாத டிரெஸ்ஸிங்கோட சாலட் சாப்பிட்டவங்க உடம்புல கேரட், தக்காளி, கீரையோட கரோட்டின் வகைச் சத்துகள் கிட்டத்தட்ட சேரவே இல்லை. ஏழு பேரை வெச்சுப் பார்த்த சின்ன ஆராய்ச்சிதான். ஆனாலும் அந்தச் சத்துகள் கொழுப்புல கரையுற சமாச்சாரம்ங்கிறதால காரணம் புரியுது. கீரைக் கூட்டுல தேங்காயெண்ணெய் விடுற பாட்டிகளுக்கு ஆராய்ச்சி தேவைப்படல.

ரெண்டாவது தடவை அம்மாவே இறங்கிட்டாங்க. முழுக்கொழுப்புத் தயிரை மெல்லிசு வேட்டித் துணியில கட்டி, குழாய்ல மூணு மணி நேரம் தொங்க விட்டாங்க. அந்தக் கெட்டித் தயிர் ஒரு கப். அவசரம்னா முழுக்கொழுப்பு கிரீக் தயிர் போதும், என்ன, கொஞ்சம் மாவு மாதிரி இருக்கும். அதுல மூணு மேசைக்கரண்டி மோர், ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, மிளகுத் தூள் தலா அரை டீஸ்பூன். காய்ஞ்ச டில் இலை ஒரு டீஸ்பூன். உப்பு கால் டீஸ்பூன், அதுக்கு மேல ஒரு கல்லு கூடாது. எலுமிச்சைச் சாறு ரெண்டு டீஸ்பூன். பூண்டு உப்பு, வெங்காய உப்புன்னு அதே ஷெல்ஃப்ல பக்கத்துலயே நிக்கும், மாத்தி எடுத்துடாதீங்க, போட்ட கணக்கெல்லாம் வீண். கலந்ததும் ருசி பார்த்துட்டு "சப்புன்னு இருக்கே"ன்னு உப்புக்குக் கை போகும். போக விடாம ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வைங்க. காய்ஞ்ச பொடிகள் ஊற அந்த நேரம் வேணும். அப்பவும் குறையாத் தெரிஞ்சா இன்னும் ரெண்டு சொட்டு எலுமிச்சை. புளிப்பு ஏறினா உப்பு குறைஞ்சது நாக்குக்குத் தெரியறதில்லை. அம்மா தன் பங்குக்கு வறுத்த சீரகத்தை நுணுக்கிப் போட்டாங்க. என் கணக்குல ரெண்டு மேசைக்கரண்டிக்குச் சோடியம் சுமார் 70 மில்லிகிராம். பாட்டிலோடதுல மூணுல ஒரு பங்குக்கும் குறைவு.

உப்புக்குப் பதிலா கடையில "லோ சால்ட்" கிடைக்குதேன்னு கேப்பீங்க. அதுல பெரும்பாலும் இருக்கிறது பொட்டாசியம் குளோரைடு. சில பிபி மாத்திரைகளும் சிறுநீரகக் கோளாறும் ஏற்கெனவே ரத்தத்துல பொட்டாசியத்தை ஏத்தும். டாக்டரைக் கேக்காம பெரியவங்களுக்கு அதைப் போடாதீங்க.

இதுல சூடு பிடிச்ச அம்மா அடுத்து எடுத்தது கடுகு அரைச்ச பச்சடி. இதை டிரெஸ்ஸிங்னு நான் இத்தனை வருஷம் நினைச்சதே இல்லை. ஒரு டீஸ்பூன் கடுகு, ஒரு பச்சை மிளகாய், ரெண்டு மேசைக்கரண்டி தேங்காய், கொஞ்சம் தண்ணி விட்டு அரைச்சு ஒரு கப் தயிர்ல கலக்கறது. தண்ணி பட்டு நசுங்கின அப்புறம்தான் கடுகுக்குக் காரமே பிறக்கும், உள்ள இருக்கிற ஒரு என்ஸைம் பண்ற வேலை. அதிகமா அரைச்சா கசக்கும், அதனால மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டணும். கடுகுத் தோல்ல இருக்கிற வழவழப்பு, தண்ணியையும் எண்ணெயையும் பிரியாமப் பிடிச்சு வெக்கும். மேல்நாட்டு டிரெஸ்ஸிங்ல கடுகு விழுது சேர்க்கிறதுக்கு ஒரு காரணம் இதுவேதான். ரொமெய்ன் இலையில இந்தப் பச்சடியை ஊத்தி ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க. வெள்ளரி, தக்காளி போடுறதா இருந்தா பரிமாறும்போது மட்டும் கலங்க. முன்னாடியே கலந்தா தண்ணி விட்டு ரசமாயிடும்.

மூணாவது, பச்சை. கிரீன் காடெஸ்னு ட்ரேடர் ஜோஸ்ல பார்த்திருப்பீங்க. அதோட பொறந்த வீடு சான் ஃபிரான்சிஸ்கோ பேலஸ் ஹோட்டல். 1923-ல ஜார்ஜ் ஆர்லிஸ்ங்கிற நடிகரைக் கௌரவிக்க அங்கிருந்த தலைமைச் சமையல்காரர் ஃபிலிப் ரோமர் செஞ்சதுன்னு சொல்றாங்க. ஆர்லிஸ் நடிச்ச நாடகத்தோட பேரே அதுதான். அதுல அவர் வேஷம் என்ன தெரியுமா? இமயமலையில ஒரு கற்பனை நாட்டோட ராஜா! வெள்ளைக்காரர் இந்திய ராஜா வேஷம் போட, அதுக்காகப் பொறந்த பச்சைச் சட்னியை நாம நூறு வருஷம் கழிச்சு காசு குடுத்து வாங்கறோம். மூல செய்முறையில மீனும் மயோனைஸும் உண்டு.

எங்க வீட்டு வடிவத்துல பொட்டுக்கடலை. பொண்ணு வகுப்புல நட்ஸ் கூடாதுன்னு கடுமையான விதி, அதனால முந்திரி போச்சு. எள்ளும் 2023-லேர்ந்து லேபிள்ல கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்பதாவது அலர்ஜிப் பொருள், அதனால எள்ளையும் லஞ்ச் பாக்ஸுக்குத் தவிர்த்தோம். ரெண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையை முதல்ல தனியாப் பொடிச்சுக்கணும். அப்புறம் ஒரு கட்டுக் கொத்தமல்லி தண்டோட, ஒரு கைப்பிடி புதினா, ஒரு பச்சை மிளகாய், பாதி அவகாடோ, கால் கப் தயிர், அரை மூடி எலுமிச்சை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து அரைச்சா கிரீம் மாதிரி வரும். உப்பு ஒரு சிட்டிகை. மூணு நாளைக்குள்ள காலி பண்ணிடுங்க, முதல் ரெண்டும் நாலு நாள் தாங்கும். எதுலயும் பச்சைப் பூண்டை எண்ணெய்ல ஊறப் போட்டு வெளியில வைக்கிற வேலை மட்டும் வேணாம். காத்துப் புகாத எண்ணெய்க்குள்ள பாட்டுலிசம் விஷக் கிருமி வளரும். 1985-ல வான்கூவர்ல ஒரு உணவகத்துல அப்படி வெச்ச பூண்டால 36 பேர் பாதிக்கப்பட்டாங்க.

அம்மாவோட பிபி மூணு வாரத்துல 138-க்கு 84 வந்தது. டிரெஸ்ஸிங்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஊர் டாக்டர்கிட்ட வீடியோ கால்ல பேசி மாத்திரை அளவையும் கொஞ்சம் ஏத்தினோம், நார்த்தங்காய் ஜாடியை என் மனைவி கராஜ்ல ஒளிச்சு வெச்சா. அது எங்க இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியும்ங்கிறது எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. காய்ஞ்ச டில் பாட்டிலை முதல் முதலா முகர்ந்தப்ப அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. "இது சதகுப்பை வாசம்ப்பா"ன்னாங்க. பிள்ளை பெத்தவங்களுக்குக் குடுக்கிற மருந்துல சேரும் விதை. அந்தச் செடியோட இலைதான் இது. நான் சந்தேகப்பட்டுத் தேடினேன், சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அதோட நிக்கல. நம்ம எல்லாரும் குழந்தையில குடிச்ச உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர்ல இருக்கிறதும் இதே சதகுப்பை எண்ணெய். "உனக்கு ராத்திரி ராத்திரி ஊத்தினதுடா இது. அதான் அந்த வெள்ளைக் குழம்பு தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு"ன்னு சிரிச்சாங்க.

போன வாரம் ஊருக்குக் கிளம்பினப்ப பெட்டியில நாலு பாட்டில் காய்ஞ்ச டில் போச்சு. நேத்து போன்ல கேட்டேன், என்ன பண்றீங்கன்னு. அடைக்குத் தொட்டுக்கத் தயிர்ல கலக்கினாங்களாம். அப்பா மட்டும், "கிரைப் வாட்டர் சட்னி எனக்கு வேணாம்"னுட்டாராம்.