வரப்பு நிலைக்க வேண்டுமானால்

காவிரியால் பெயர் பெற்ற திருச்சி மாவட்டத்தில் காவிரிப் பாசனம் எட்டிப் பார்க்காத பகுதி வையம்பட்டி. மலையடிவாரத்தில் பொன்னணியாறு அணை இருந்தும் பெரும்பாலான விவசாயம் வானம் பார்த்ததுதான். வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும் மழை, சரிவான செம்மண் காடுகளின் மேல்மண்ணைக் கரைத்து ஓடையில் சேர்த்துவிடுகிறது. தடுக்க வழியில்லாமல் இல்லை. சம உயர வரப்பு, பண்ணைக்குட்டை, சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு என்று வேளாண் துறையினர் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால், அரசு செலவில் போட்ட வரப்பைச் சில ஆண்டுகளில் விவசாயியே உழுது கரைத்துவிடுவது நாட்டின் பல மானாவாரிப் பகுதிகளில் நடந்திருக்கிறது. உடனே ‘விழிப்புணர்வு இல்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மண் கரைவதைக் கண்ணெதிரே பார்ப்பவருக்கு விழிப்புணர்வு எதற்கு? அவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் விஷயம்.

இந்திய மானாவாரிப் பகுதிகளைப் பற்றி ஜான் கெர், என்.கே.சங்கி ஆகியோர் 1992-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சரிவில் ஒரே உயரத்தில் செல்லும் சம உயரக் கோடு பட்டா எல்லையைப் பார்ப்பதில்லை. ஒருவர் காட்டின் நடுவே வளைந்து புகுந்து அடுத்தவர் காட்டுக்குப் போய்விடும். இடையில் சிக்கும் முக்கோணத் துண்டில் ஏரைத் திருப்ப முடியாது. அதனால் விவசாயிகள் தங்கள் எல்லையை ஒட்டிய வரப்பையே விரும்பினார்கள். 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்தான். அதில் வரப்புக்குப் போகும் நாலு அடியும் விளைச்சலில் கழிவு. வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரின் நிலை இன்னும் மோசம். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், பத்து ஆண்டு கழித்துப் பலன் தரும் வரப்புக்கு ஏன் கூலி கொடுப்பார்?

மானியம் தந்தால் போதாதா, இல்லையென்றால் கட்டாயப்படுத்தலாமே என்று கேட்கலாம். அரசு செலவில் போட்ட வரப்பே கரைந்ததை முன்பே பார்த்தோம். கட்டாயமும் நிலைக்கவில்லை: கென்யாவின் மச்சாகோஸில் ஆங்கில ஆட்சி கட்டாயப்படுத்தி அடுக்குவரப்பு போட வைத்தது. பிடி தளர்ந்ததும் மக்கள் அதைக் கைவிட்டார்கள். பிறகு காபிக்கும் காய்கறிக்கும் நல்ல சந்தை கிடைத்தபோது, அதே மக்கள் தாங்களாகவே வரப்பு போட்டார்கள். மண் வருமானம் தந்தது, மண்ணைக் காத்தார்கள். நம் விவசாயிகள் விரும்பும் எல்லை வரப்பைப் போட்டால் வெள்ளம் ஒரு மூலையில் குவிந்து உடைத்துக்கொண்டு போகும் என்று பொறியாளர்கள் சொல்வதும் நியாயம்தான். அதற்கு மருந்து, மேல்காட்டுக்காரரும் கீழ்காட்டுக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து, உபரி நீருக்குக் கல் பாவிய வடிகாலை எங்கே விடுவது என்று முடிவு செய்வது. வரைபடத்தை அலுவலகத்திலேயே முடித்துக்கொண்டு வந்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

ஆகவே, ‘மண்ணைக் காப்போம்’ என்ற முழக்கத்தைவிட, ‘இந்தப் பருவத்தில் ஒரு மழை தப்பினாலும் உன் சோளம் வாடாது’ என்ற உத்தரவாதம்தான் வேலை செய்யும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் வேலைகளுக்கு முன்னுரிமை, குத்தகைக்கு எழுத்துப் பதிவு, குறு விவசாயியின் காட்டில் வரப்பு போட ஊரக வேலைத் திட்டக் கூலி, வரப்பின் இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை உழுபவருக்கே: வையம்பட்டி போன்ற ஒன்றியங்களில் அரசு முதலில் செய்ய வேண்டியவை இவைதான்.