துரோகி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். குறிப்பாக, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் படிக்க வேண்டும்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு நண்பர் ஒரு வீடியோ போட்டிருந்தார். ஆள் சேர்த்து, அந்த ஆள் இன்னும் ஆள் சேர்த்து இன்சூரன்ஸ் விற்கும் ஒரு கூட்டத்தின் தலைவர் மேடையில் பேசுகிறார். இப்போது அதற்குக் "குடும்பம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது பழைய ஏணிதான். "நல்லா விக்கிற ஏஜென்ட்டுங்க ஏன் நம்மள விட்டுப் போறாங்க தெரியுமா? பேராசை. பொறுமையில்லை. ஏத்திவிட்ட ஏணியை எட்டி உதைக்கிற துரோகம்" என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. நம் குழுவிலும் நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு "துரோகி"யை எனக்குத் தெரியும். என்னிடம் கணக்குப் படித்தவள்.

2000-இல் தனியார் கம்பெனிகளுக்கு ஆயுள் காப்பீட்டுத் துறை திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் புதுப்புது ஏஜென்ட்டுகள் கிளம்பினார்கள். 2007 வாக்கில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னையும் மேடையில் உட்காரவைத்து, சால்வை போட்டார்கள். "சாருக்கு இந்த ஊர்ல ஆயிரம் மாணவர்கள் இருக்காங்க. ஆயிரம் மாணவர்னா ஆயிரம் குடும்பம்" என்றார்கள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள் சால்வை போட்டது எனக்கு அல்ல, என் பழைய வருகைப் பதிவேட்டுக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

திட்டம் எளிமையானது. நீங்கள் ஒரு பாலிசி எடுத்துச் சேர வேண்டும். பிறகு ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஆளுக்கு ஐந்து பேர். கீழே நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் மேலே இருப்பவருக்குப் பங்கு. அந்தக் காலத்தில் ஏஜென்ட் உரிமம் வாங்கப் பயிற்சியும் தேர்வும் உண்டு. இங்கே உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. வீடு வீடாகப் போய் விற்றவர்கள் ஐம்பது பேர்.

கணக்கு வாத்தியாரான நான் அன்றே செய்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 5, 25, 125, 625, 3,125, 15,625, ஏழாவது தட்டில் 78,125. எங்கள் ஊரின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு கிடையாது. பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர் நடத்தியவன் நான். மேடையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மாணவி அந்த அமைப்பில் இரண்டே வருடத்தில் மாவட்டத்திலேயே முதல் ஏஜென்ட் ஆனாள். பொய் பேசமாட்டாள். படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டுவாள். அதனாலேயே அவளிடம் வாங்கினார்கள். மூன்றாம் வருடம் விலகினாள். அன்றே அவளுக்குத் துரோகிப் பட்டம் கிடைத்தது. ஏன் விலகினாள் என்று அவளே என்னிடம் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: அங்கே விற்கிறவருக்கு மதிப்பில்லை, ஆள் பிடிக்கிறவருக்குத்தான் மதிப்பு. அவளுடைய நோட்டில் ஒரு கணக்கைக் காட்டினாள். 20,000 ரூபாய் பிரீமியம். முதல் வருடக் கமிஷன் 7,000. அவள் கைக்கு வந்தது 2,500. மீதி 4,500 மேலே இருந்த நாலு தட்டுக்குப் போனது. அந்த நாலு பேரில் ஒருவர்கூட அந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை.

இரண்டு: வாடிக்கையாளரையே ஏஜென்ட் ஆக்கச் சொன்னார்கள். பாலிசி வாங்கிய வீட்டம்மாவை அடுத்த வாரம் கூட்டத்துக்கு அழைத்து வரவேண்டும். அந்த அம்மா பக்கத்து வீட்டில் விற்கப் போவார். ஒரே தெருவில் பத்து ஏஜென்ட். வாங்க ஆளில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். சேர்ந்தவர்களில் பலரும் அவசர அவசரமாக ஆள் பிடித்தார்கள். "ஒரு தடவை கட்டினா போதும், கீழ ஆள் சேர்ந்தா உங்க டியூவை கமிஷனே கட்டிடும்" என்று சொல்லிப் பாலிசி போட்டார்கள். அடுத்த வருடம் டியூ நோட்டீஸ் வந்தபோதுதான் ஜனங்களுக்கு உண்மை தெரிந்தது. அப்போதிருந்த விதிப்படி, அந்த மாதிரிப் பாலிசியில் மூன்று வருடம் கட்டாவிட்டால் கட்டிய பணத்தில் ஒரு பைசா திரும்பாது. பாலிசிகள் வரிசையாக லேப்ஸ் ஆயின. மேலே இருந்தவர்களுக்கு அதில் கவலையில்லை. அவர்களுடைய பங்கு முதல் வருடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ஜனங்கள் யார் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்? ஊரிலேயே இருக்கிற என் மாணவி வீட்டு வாசலில். அவளுக்குக் கீழே சேர்ந்தவர்கள் செய்த பாவத்துக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காசு மேலே போகிறது. திட்டு கீழே நிற்கிறது.

அவள் இரண்டு வளையலை அடகு வைத்து, நாலு வீட்டுக்கு டியூ கட்டினாள். அதன் பிறகுதான் விலகினாள். இது பேராசையா?

அந்த வாசலில் வந்து நின்றவர்களில் ஒருவர் எங்கள் பள்ளி சத்துணவு மையத்தில் சமையல் வேலை பார்த்த அம்மா. வருடம் 6,000 ரூபாய் பாலிசி. "சார் மேடையில இருந்தாரு, அதான் நம்பிப் போட்டேன்" என்றாராம். என் காதுக்கு வந்ததும் மீதி இரண்டு வருட டியூவை நான் கட்டினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அது எனக்கான அபராதம்.

இப்போது அந்தத் தலைவரின் கேள்விக்கு வருவோம். சுமாரான ஏஜென்ட் நாலு பாலிசி போட்டுவிட்டு, சத்தமில்லாமல் நின்றுவிடுவார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாலு பேர்தான். நானூறு வீட்டில் விற்றவருக்கு நானூறு முகங்கள். கடைத்தெருவில், கோயிலில், கல்யாண வீட்டில் அந்த முகங்களைப் பார்த்தாக வேண்டும். அதனால்தான் முதலில் நெஞ்சு உறுத்துவது முதலிடத்தில் இருப்பவருக்கு. ஏணியை அவர் உதைக்கவில்லை. அந்த ஏணி தன் தெருக்காரர்களின் முதுகில் நிற்கிறது என்று தெரிந்ததும் இறங்கிவிட்டார்.

"எல்ஐசியில் மட்டும் ஏஜென்ட்டுக்கு மேலே டெவலப்மென்ட் ஆபீசர் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அவர் நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர். பாலிசிதாரரே ஆள் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. நீண்டகாலப் பாலிசிகளில் முதல் வருடக் கமிஷனுக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் வருடம் ஏழரை சதவீதம், அதன் பிறகு ஐந்து சதவீதம் என்று விற்ற ஏஜென்ட்டுக்கே கொடுத்த வழக்கம் அங்கே வெகுகாலம் இருந்தது. பாலிசி உயிரோடு இருந்தால் ஏஜென்ட்டுக்கும் வருமானம். அதனால் டியூ தேதியை அவரே ஞாபகப்படுத்துவார். அங்கேயும் தவறாக விற்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் தவறு செய்வது வேறு, அமைப்பே தவறின் மேல் கட்டப்பட்டிருப்பது வேறு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1938-ஆம் வருடக் காப்பீட்டுச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம் 42ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பல அடுக்குத் திட்டத்தின் மூலம் பாலிசி எடுக்க ஆசை காட்டுவதையே அது தடை செய்கிறது. சட்டம் வந்து இத்தனை வருடம் கழித்தும் நம் குழுவில் அதற்குக் கட்டைவிரல் தூக்குகிறோம்!

ஆசிரிய நண்பர்களே, உங்களைத் தேடியும் வருவார்கள். சால்வையோடுதான் வருவார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் பெயரில் உரிமம் இருக்கிறதா? நான் ஆள் சேர்க்காவிட்டாலும் இந்தப் பாலிசியால் எனக்குப் பயன் உண்டா? போன வருடம் நீங்கள் விற்ற பாலிசிகளில் எத்தனைக்கு இந்த வருடம் டியூ கட்டியிருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க இப்போது உரிமை உண்டு. சில சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் வரும்.

என் மாணவி இப்போது ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் கடைக்குப் பழைய பாலிசிக்காரர்கள்தான் துணி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவளைத் துரோகி என்று சொன்ன அந்தப் பெரிய மனிதர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து வெகுகாலம் ஆகிறது.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் விலகியவர்களைத் திட்டுவதற்கு முன்னால், அவர்களிடம் ஒரு தடவை பேசிவிட்டு வந்து எழுதுங்கள்.