கல்லை உடைக்குமுன் கிருமியைப் பார்!

கோடை வந்துவிட்டால் ராஜபாளையம் நூல் மில்களிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் வயற்காடுகளிலும் கல்லடைப்பு வியாதியும் கூடவே வந்துவிடுகிறது. இதில் என்ன ஆச்சரியம்? உடம்பிலுள்ள நீரெல்லாம் வேர்வையாய்ப் போகிறது. மெஷினை விட்டு நகர முடியாத தொழிலாளி தண்ணீரைக் குறைக்கிறார். ஒதுங்க மறைவிடமில்லாத வயலில் களையெடுக்கும் பெண்ணோ பொழுது சாயும்வரை குடிப்பதேயில்லை. கரைந்து போகவேண்டிய உப்பு சிறுநீரகத்தில் கல்லாகிறது.

கல் பெரிதானால் ஆபரேஷன். முதுகில் சிறு துளையிட்டோ, மூத்திர வழியாகக் கருவியைச் செலுத்தியோ கல்லை உடைக்கிறார்கள். காயம் சிறிது, ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சில கற்களுக்குள்ளேயே கிருமிகள் குடியிருக்கின்றன. கல் உடையும்போது கிருமியும் அதன் விஷமும் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவருக்கு நடுக்கத்தோடு ஜுரம் கண்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இதைத் தடுக்க வழி உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை. முடிவு தெரிய இரண்டு மூன்று நாளாகும். கிருமி இருந்தால் எந்த மருந்துக்கு அது சாகும் என்பதையும் அதுவே சொல்லிவிடும். அந்த மருந்தைக் கொடுத்து அடக்கிய பிறகே கல்லில் கை வைக்கவேண்டும். கிருமி இல்லையென்றால், ஆபரேஷனுக்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வேளை மருந்து. அநேகருக்கு அது போதும்.

எல்லோருக்கும் போதுமா? போதாது. மூத்திரம் சுத்தமாயிருந்தும் கல்லுக்குள் கிருமி ஒளிந்திருக்கலாம். பெரிய கல்லோ, வீங்கிய சிறுநீரகமோ உள்ளவர்களுக்கு ஒரு வாரம் முன்பே நைட்ரோபியூரன்டாயின் மாத்திரை கொடுத்ததில் ஆபரேஷனுக்குப் பிந்திய தொற்று குறைந்தது என்று சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தார் 2011-ல் எழுதினார்கள். ஆபத்துக் குறைந்தவர்களுக்கு அந்த ஒரு வார மருந்தால் கூடுதல் பலனில்லை என்று 2018-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. ஆக, ஆளைப் பார்த்து, சோதனையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யவேண்டிய விஷயம் இது. நோயாளியின் பையைப் பார்த்து அல்ல!

நம்மிடமும் ஒரு தவறு உண்டு. மூத்திரம் கடுத்தால் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறோம். கடுப்பு நிற்கும், சாகாத கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு ஆபரேஷன் நாளில் அதே மருந்து பலிக்காது. அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் தின்னக்கூடாது என்று மத்திய சர்க்கார் 2016-ல் அறிவித்தது. கோடு போட்டதோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது போலும்!

நாட்டிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து கொடுப்பது ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி. அந்தத் தறிக்காரர் ஒரு சோதனைக் காகிதத்துக்காக இரண்டு தடவை பஸ் ஏறி இரண்டு நாள் கூலியை இழப்பது நியாயமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே மூத்திரத்தை வாங்கி, தேவைப்பட்டால் விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, முடிவை இங்கேயே கொடுக்கவேண்டும். முடிவு வராமல் ஆபரேஷன் தேதி குறிக்கக்கூடாது. அவசரக் கேஸ் மட்டுமே விலக்கு. இ.எஸ்.ஐ. உள்ள மில் தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் கூலியில் 70 சதவீதம் உண்டு. காத்திருக்கும் அந்த ஒரு வாரத்துக்கு விவசாயத் தொழிலாளிக்கு யார் கொடுப்பது? சர்க்கார்தான் கொடுக்கவேண்டும்.