படத்தில் பாட்டிக்கு இடமில்லையா?

நம் மக்கள் போட்டோ பிடித்துக் கொள்வதற்குக்கூட நாள், நட்சத்திரம், சகுனம் பார்க்கின்றார்கள் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு முன் முடிச்சூரில் சமீபத்தில் நாம் நேரில் கண்டதைக் கேளுங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரியின் மகள் பி.எஸ்சி. பட்டம் பெற்றாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவள்தான். கறுப்பு அங்கியும் பட்டக் குல்லாயும் அணிந்து குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக் கொள்ள வேண்டுமென்று ஆசைப்பட்டாள். நியாயமான ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். நம்மையும் அழைத்திருந்தார்கள். போய்ச் சேரும்போது மணி நாலரை. உடனே பெண்ணின் அத்தைக்கு ராகுகாலம் ஞாபகம் வந்துவிட்டது. ஆறு மணி வரை அங்கி போட்ட பெண் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள்.

1931-ஆம் வருஷம் முதல் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடுகின்றது. அது ஒருநாளாவது ராகுகாலத்துக்காக நின்றதுண்டா? இந்தப் பெண்ணே மூன்று வருஷம் அந்த ரயிலில் ராகுகாலத்திலும் எமகண்டத்திலும் போய்வந்துதானே பட்டம் வாங்கினாள்? படிப்பைக் கெடுக்காத ராகு படத்தைக் கெடுத்துவிடுமா?

நிற்க. நாம் எழுத வந்தது ராகுவைப் பற்றியல்ல. ஆறு மணி அடித்ததும் அந்தப் பெண், “ஆயா, நீ வா. நீயும் அம்மாவும் நானும் முதல்லே ஒரு படம் எடுத்துக்கலாம்” என்று கூப்பிட்டாள். ஆயா எழுந்திருக்கவில்லை. “நான் எதுக்குடி கண்ணு, நல்ல காரியத்திலே” என்றார். அத்தையும் சேர்ந்து கொண்டாள்: “அதோட மூணு பேரா நிக்கவே கூடாது, ஒருத்தருக்கு ஆகாது” என்றாள். தகப்பன் வாய் திறக்கவில்லை. படம் பிடித்து முடியும்வரை அந்தக் கிழவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் பையையும் காவல் காத்தார்.

அந்த ஆயா யார்? முப்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்து, தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்று மகனை வளர்த்தவர். பேத்தியின் காலேஜ் சம்பளத்திற்கும் முடிச்சுப் பணத்தை அவிழ்த்தவர். அந்தப் பட்டத்தில் பாதி அவருடைய கூடைச் சும்மாட்டுக்குச் சேர வேண்டியது. அவர் கொடுத்த காசுக்கு அமங்கலம் இல்லை. அவர் முகத்துக்கு மட்டும் அமங்கலமாம்! இதைவிடப் பெரிய நன்றிகெட்டதனம் உலகத்தில் வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

போட்டோ என்பது என்ன? முகத்தின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணாடி வழியாகக் கருவிக்குள் போய்ப் பதிகின்றது, அவ்வளவுதான். 1839-இல் பாரிஸ் நகரத்தில் தாகர் என்பவருடைய முறை உலகத்துக்கு வெளியிடப்பட்ட நாளிலிருந்து இன்றைய கைப்பேசி வரையில் நடப்பது இதுதான். சுமங்கலி முகத்தில் பட்ட வெளிச்சத்திற்கும் விதவை முகத்தில் பட்ட வெளிச்சத்திற்கும் எந்தக் கருவியாவது வித்தியாசம் கண்டிருக்கின்றதா?

இனி ‘மூன்று பேர்’ சங்கதிக்கு வருவோம். 1885-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்த மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்துக் கொண்ட ஒரு படம் உலகப் பிரசித்தி பெற்றது. ஒருவர் நம் நாட்டு மராட்டியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி. இன்னொருவர் ஜப்பான் நாட்டு கெய் ஒகாமி. மூன்றாமவர் சிரியா தேசத்து சபாத் இஸ்லாம்பூலி. மூவரும் அவரவர் நாட்டு உடையில் இருக்கின்றார்கள். ஆனந்திபாய் 1886-இல் டாக்டர் பட்டம் பெற்று, அடுத்த வருஷமே 22 வயது நிரம்புமுன் இறந்துபோனார். “பார்த்தீர்களா, மூன்று பேர் நின்றதன் பலன்!” என்று ஜோசியக்காரர்கள் துள்ளிக் குதிக்கலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவரைக் கொன்றது காசநோய். அந்த நோயின் கிருமியை 1882-லேயே ராபர்ட் காக் கண்டு சொல்லிவிட்டார். அதற்கேற்ற மருந்துதான் அன்று உலகத்தில் இல்லை. அதே படத்திலுள்ள ஒகாமியோ ஜப்பானுக்குத் திரும்பி வைத்தியம் செய்து, எண்பது வயதைத் தாண்டி 1941 வரையில் வாழ்ந்தார். போட்டோதான் கொல்லுமென்றால் ஒகாமியை ஏன் அது 56 வருஷம் விட்டுவைத்தது?

‘விதவை நின்றால் படிப்புக்கு ஆகாது’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சகோதரி சுப்பலட்சுமி என்ற அம்மையார் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கல்யாணம் செய்விக்கப்பட்டு விதவையானவர். அவர் 1911-இல் சென்னை பிரசிடென்சி காலேஜில் பி.ஏ. தேறினார். பிறகு இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்திப் படிக்க வைத்தார். 1954-இல் நம் தாம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள மாடம்பாக்கம் கிராமத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நலநிலையம் தொடங்கினார். விதவை முகத்தில் விழித்தால் வித்தை போய்விடுமென்றால், அவரிடம் படித்த பெண்கள் எப்படித் தேறினார்கள்?

சட்டம் நம் வீட்டைவிட முன்னே போய்விட்டது. முடிச்சூருக்குத் தெற்கே செங்கற்பட்டில் 1929-இல் கூடிய மாகாண சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அறுபது வருஷம் கழித்து 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாகிவிட்டது. சொத்தில் பங்கு கொடுக்கச் சட்டம் போட முடிந்தது. போட்டோவில் பங்கு கொடுக்க யார் சட்டம் போடுவது? அது நம் மானத்தையும் அறிவையும் பொறுத்த காரியமல்லவா?

இன்னொன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது இந்தக் குடும்பத்தின் பழைய படங்கள் யாவும் ஊறிக் கெட்டுப்போயின. காப்பாற்றுமென்று சுவரில் மாட்டியிருந்த சாமி படங்களும் அதே சாக்கடைத் தண்ணீரில்தான் மிதந்தன. இன்று அந்த ஆயாவுக்கு மிஞ்சியிருப்பது வோட்டர் கார்டில் உள்ள தபால்தலை அளவு முகம் ஒன்றுதான். அதைப் பிடித்த சர்க்கார் ஆள், “நீ சுமங்கலியா, விதவையா?” என்று கேட்கவில்லை; “நேராகப் பார்” என்றுதான் சொன்னான்.

நாளை அந்தக் கிழவி இறந்துபோனால் என்ன நடக்கும்? அந்தச் சின்ன முகத்தையே எடுத்துக்கொண்டு இதே ஸ்டூடியோவுக்கு ஓடி வருவார்கள். பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, மாலை சாற்றி, வருஷா வருஷம் திதி கொடுத்துப் புரோகிதனுக்கு அரிசியும் வாழைக்காயும் அளப்பார்கள். உயிரோடு சிரித்துக்கொண்டு நின்றால் அமங்கலம். செத்துப் படமாகத் தொங்கினால் தெய்வம்! இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?

அன்று அந்த ஸ்டூடியோவில், பிறர் வீட்டு விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டுமென்று நாமும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிற நமக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. அது வெட்கப்பட வேண்டிய காரியம் என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் பிள்ளையோ பெண்ணோ படிப்பு முடித்தால் அவசியம் படம் எடுங்கள். மஞ்சள் நீராட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புவதற்கும் எடுக்கும் படங்களைவிட இதுவே யோக்கியதையுள்ள படம். ஆனால் அந்தப் படிப்புக்காக யார் யார் உழைத்தார்களோ அவர்களை முதலில் நிறுத்துங்கள். தாலி இருக்கின்றதா, பொட்டு இருக்கின்றதா, எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள்.

மேஸ்திரித் தோழருக்கும் சொல்லுகின்றோம். அங்கி இன்னும் வாடகைக்குக் கிடைக்கின்றது. ஸ்டூடியோ அதே இடத்தில்தான் இருக்கின்றது. ஆயாவும் இன்றைக்கு உயிரோடு இருக்கின்றார்.