ஸ்கொயர் போட்டா டாலர் வரும்!

அமெரிக்கான்னாலே எல்லாரும் காரும் பங்களாவுமா இருப்பாங்கன்னு நம்ம கேன்டீன்ல பாதிப் பேருக்கு நினைப்பு. டாக்டர் பில் கட்ட வழியில்லாத ஜனம் அங்கேயும் கோடிக்கணக்கில் இருக்காங்க, பாஸ். அவங்களுக்காக 1965-ல் வந்த திட்டம்தான் மெடிகெய்ட். ஆஸ்பத்திரிச் செலவை மாநில அரசும் வாஷிங்டனும் பங்கு போட்டுக் கட்டணும். யார் எவ்வளவு? அங்கேதான் நம்ம ஏரியா வருது... ஃபார்முலா!

மாநிலத்தின் தனிநபர் வருமானத்தை நாட்டின் தனிநபர் வருமானத்தால் வகுங்க. விடையை ஸ்கொயர் பண்ணி, 0.45-ஆல் பெருக்கி, 1-லிருந்து கழிச்சுடுங்க. வாஷிங்டன் பங்கு ரெடி! நாட்டு சராசரியில் இருக்கிற மாநிலத்துக்கு 55 சதவிகிதம். எப்படிப் போனாலும் 50-க்குக் குறையாது, 83-ஐத் தாண்டாது.

ஸ்கொயர் எதுக்காம்? சராசரியில் 80 சதவிகிதம்தான் வருமானம்னு வெச்சுக்குங்க. ஸ்கொயர் இல்லாட்டி 64 சதவிகிதம் கிடைக்கும், இருக்கிறதால 71.2. ஏழை மாநிலத்துக்கு எக்ஸ்ட்ரா தள்ளு! அதே ஸ்கொயர் பணக்கார மாநிலத்தை 50-க்கும் கீழே இறக்கிவிடும். ஆனா, 50-ங்கிற தரை தாங்கிப் பிடிச்சுடுது. சட்டம் போட்டவங்க கில்லாடிங்கதான்.

2025 நிதியாண்டில் மிசிசிப்பிக்கு 76.90 சதவிகிதம். அதாவது, மாநிலம் 1 டாலர் போட்டா, வாஷிங்டன் 3 டாலருக்கு மேல போடும். நியூயார்க்குக்கு 50தான். டாலருக்கு டாலர்.

இங்கேதான் எனக்கு இடிக்குது. ஃபார்முலா பார்க்கிறது சராசரியை. எத்தனை ஏழைங்கன்னு எண்ணிப் பார்க்கிறதே இல்லை. மன்ஹாட்டன் கோடீஸ்வரர் சம்பாதிச்சா, பக்கத்துல பிராங்ஸ்ல வாடகைக்கே அல்லாடுறவர் கணக்கும் சேர்ந்து உயர்ந்துடும்!

இன்னொண்ணு, இது பழைய கணக்கு. 2024 அக்டோபரில் தொடங்கின நிதியாண்டுக்கு 2020, 2021, 2022 வருமானத்தின் சராசரியைத்தான் எடுத்தாங்க. இன்னிக்கு வேலை போனவர் இன்னிக்கே க்யூவில் நிப்பார். ஃபார்முலாவுக்கு அது லேட்டாத்தான் உறைக்கும். அதனாலதான் பொருளாதாரம் படுத்த 2009-லயும், கொரோனா வந்த 2020-லயும் தனிச் சட்டம் போட்டு 6.2 பாயின்ட் ஏத்திக் கொடுத்தாங்க. 2020-ல் கூடவே ஒரு கண்டிஷன்... திட்டத்தில் இருக்கிற யாரையும் நீக்கக் கூடாது. 2023 மார்ச்சோட அது முடிஞ்சதும் மாநிலங்கள் பெயர் அடிக்க ஆரம்பிச்சாச்சு. வருமானம் கூடிப்போய் வெளியேறினவங்களைவிட, ஃபார்ம் சரியா வந்து சேரலைன்னு பெயர் போனவங்கதான் அதிகம். எந்த நாடானா என்ன, கவர்மென்ட் ஃபார்ம் கவர்மென்ட் ஃபார்ம்தான்!

சரி, பெரிய மேட்டருக்கு வருவோம். ஒபாமா கொண்டுவந்த 2010 சட்டப்படி, புதுசா சேர்க்கப்படும் ஏழைகளுக்கு ஃபார்முலாவே கிடையாது. 2014-லிருந்து மூணு வருஷம் முழுச் செலவும் வாஷிங்டனோடது. அப்புறம் படிப்படியா குறைஞ்சு, 2020-லிருந்து 90 சதவிகிதம். ஆனா, சேர்றதும் சேராததும் மாநிலத்தின் இஷ்டம்னு 2012-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. டெக்சாஸ், ஃப்ளோரிடா எல்லாம் சேரலை. ஃபார்முலாவில் முதல் ரேங்க் எடுக்கிற நம்ம மிசிசிப்பியும்தான்! 1 டாலர் போட்டா 9 டாலர் வரும், வேணாம்னுட்டாங்க. நம்ம சீனியர்ஸ் வயசுல, குழந்தையில்லாத, ஊனமில்லாத ஒருத்தர் அங்கே கையில காலணா இல்லாம இருந்தாலும், பொதுவா மெடிகெய்ட் கார்டு கிடையாது.