'ஸ்கூட்' விட்டால் 20... 'ஃபுல்' கொடுத்தால் 80! சீட்டாட்ட வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும் பணக் கணக்கு

சீட்டுக்கட்டு புழங்காத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. கல்யாண வீட்டு மாடியில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தால் ரம்மி. கோவில் கொடைக்கு வந்த மாமன் மச்சான் சேர்ந்தால் ரம்மி. டவுன் பக்கம் 'மனமகிழ் மன்றம்' என்று போர்டு மாட்டிய கட்டிடத்துக்குள் போனாலும் ரம்மிதான். ஆட்டீன், கிளாவர், இஸ்பேட் என்று சீட்டின் பெயரைக்கூட நம்ம ஊர் வாய்க்கு வளைத்துக் கொண்டவர்கள் நம்மாட்கள்.

ஆனால் அதே ஆட்டம் செல்போனுக்குள் போனதும் வார்த்தைகள் மாறின. வார்த்தை மாறியதும் பணம் போகிற வழியும் மாறியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அத்தனைக்கும் தடை போட்ட பிறகு, பெரிய ரம்மி 'ஆப்'கள் பண ஆட்டத்தை நிறுத்தின. கதை அதோடு முடிந்ததா? இல்லை. வெளிநாட்டு இணையதளங்களில் இப்போது ரம்மிக்குப் பக்கத்திலேயே 'பிளாக்ஜாக்' மேசையும் விரித்து வைக்கிறார்கள். ரம்மி தெரிந்தவர், "இதுவும் சீட்டுதானே" என்று உள்ளே போகிறார். அங்கேதான் இருக்கு சூட்சுமம்!

திண்ணை ரம்மியும் ஆப் ரம்மியும்

ரம்மியில் ஆளுக்கு 13 சீட்டு. ஒரே இனத்தில் வரிசையாக மூன்று சீட்டு, ஜோக்கர் இல்லாமல் சேர்ந்தால்தான் உயிர். 'ரம்மி சேர்ந்துடுச்சா?' என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பது இதைத்தான். அது சேராமல் மாட்டிக் கொண்டால் கையில் உள்ள சீட்டு அத்தனையும் பாயிண்ட். எவ்வளவு போனாலும் 80-க்கு மேல் எண்ண மாட்டார்கள். அதுதான் 'ஃபுல்'.

சீட்டு சரியில்லை என்றால் முதல் சீட்டு எடுப்பதற்கு முன்பே கவிழ்த்து விடலாம். கிளப்பில் இதற்கு 'ஸ்கூட்' என்று பெயர். ஆப்பில் 'டிராப்'. முதலிலேயே விட்டால் 20, நடுவில் விட்டால் 40. அதுவே 201 பாயிண்ட் ஆட்டம் என்றால் 25, 50. சேராத சீட்டை சேர்ந்ததாக நினைத்து 'ஷோ' காட்டினால் தண்டனையாக 80 பாயிண்ட்டும் தலையில் விழும்.

பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரருக்கும் புதுசாக வந்தவருக்கும் வித்தியாசமே இந்த ஸ்கூட்டில்தான். புது ஆள் கடைசி வரை நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பார். பழைய ஆள் 20-ஐக் கொடுத்து 80-ஐக் காப்பாற்றுவார்.

இது வரைக்கும் திண்ணைக்கும் ஆப்புக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வருவது 'சர்வீஸ் சார்ஜ்' என்ற வார்த்தையில். ஆங்கிலத்தில் 'ரேக்' என்பார்கள். ஜெயித்தவர் பணத்தில் கம்பெனி எடுத்துக் கொள்ளும் பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர், ஆளுக்கு ரூ.1000. மேசையில் மொத்தம் ரூ.6 ஆயிரம். ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ரூ.200 கொடுக்கிறார்கள், கம்பெனி பங்கு 10 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். ஆட்டத்துக்கு ரூ.20 வெளியே போகிறது. 100 ஆட்டம் முடிந்தால் ரூ.2 ஆயிரம் காணோம். 300 ஆட்டம் ஆடினால் ஆறு பேர் பணமும் அவ்வளவுதான்! யார் கெட்டிக்காரர், யார் ஏமாளி என்பதெல்லாம் அந்தப் பணம் கரைகிற வரைக்கும்தான். திண்ணையில் ஆடினால் ரூ.6 ஆயிரமும் அந்த ஆறு பேருக்குள்ளேயே சுற்றிக் கொண்டிருக்கும். செல்போனில் ஒரு ஆட்டம் சில நிமிஷம். ராத்திரி பூரா முழித்திருப்பவருக்கு 300 ஆட்டம் ஒரு பெரிய எண்ணிக்கையே இல்லை.

இன்னொரு வார்த்தை 'ரீ-ஜாயின்'. 101 பாயிண்ட் எட்டி வெளியே போனவர், மற்றவர்களின் பாயிண்ட் ஒரு அளவுக்குள் இருந்தால் மறுபடி நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே வரலாம். கேட்க சலுகை மாதிரி இருக்கும். தோற்ற சூட்டோடு சூடாக இன்னொரு தடவை பணம் கட்ட வைக்கும் ஏற்பாடுதான் அது. 'போனஸ்' என்பதும் அப்படித்தான். திரையில் தெரியும், கைக்கு வராது. ஆடித் தீர்த்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பார்கள்.

திறமையா? அதிர்ஷ்டமா?

இத்தனை வருஷம் இந்த விவகாரம் முழுக்க ஒரே ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் நடந்தது. அது 'திறமை'.

செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியதாகப் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1967-ல் தீர்ப்பு வந்தது. மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை ரம்மி, விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்பதில் திறமை வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. ஆன்லைன் கம்பெனிகள் அத்தனையும் பிடித்துத் தொங்கியது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. விளம்பரத்தில் முதல் பாதி வந்தது. ரெண்டாவது பாதியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் நடந்தது ஒரு கண்ணாமூச்சி. பணத்தை இழந்தவர்கள் தற்கொலை செய்து கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வரவும், 2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு அவசர சட்டம் போட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டு அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை ரத்து செய்தது. 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, தி.மு.க. அரசு புது சட்டம் கொண்டு வந்தது. சட்டசபையில் நிறைவேறிய மசோதாவை கவர்னர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி அனுப்ப, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த வருஷம் நவம்பரில் ஐகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்தது செல்லாது என்றது. ஆக, பாதி கதவு மூடியது, பாதி திறந்தது!

பிறகு 2025 பிப்ரவரியில் ராத்திரி 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது, ஆதார் வேண்டும் என்று விதிகள் வந்தன. ஜூனில் ஐகோர்ட்டும் அதை ஏற்றது. அந்த விதிகளின் மை காய்வதற்குள் மத்திய அரசு சட்டம் வந்து விட்டது. பாராளுமன்றத்தில் ஆகஸ்டு 20, 21 ஆகிய தேதிகளில் நிறைவேறி, 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடினால் தடை. அறுபது வருஷ வாதத்தை ஒரே வரியில் ஓரம் கட்டி விட்டார்கள். இதை எதிர்த்து பல ஐகோர்ட்டுகளில் போன வழக்குகளை செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தன்னிடம் மாற்றிக் கொண்டது.

இந்த சட்டப்படி ஆட்டத்தை நடத்துபவருக்கு 3 வருஷம் வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 வருஷம், ரூ.50 லட்சம் வரை. ஆடுபவருக்கு தண்டனை கிடையாது. நாடு முழுக்க சுமார் 45 கோடி பேர் வருஷத்துக்கு ரூ.20 ஆயிரம் கோடி இழக்கிறார்கள் என்பது மத்திய அரசு அப்போது சொன்ன மதிப்பீடு.

பிளாக்ஜாக்கில் எதிராளி யார்?

இப்போது அந்தப் பக்கத்து மேசைக்கு வருவோம். ரம்மி ஆடியவர் பிளாக்ஜாக்கில் முதலில் ஏமாறுவது எதிராளி விஷயத்தில். ரம்மியில் எதிரே இருப்பது நம்மைப் போல ஒரு ஆள். தப்பு பண்ணுவார், அவசரப்படுவார். பிளாக்ஜாக்கில் எதிரே இருப்பது கடைக்காரர். சூதாட்ட விடுதிதான் நேரடி எதிராளி.

ஆட்டம் சுலபம். சீட்டுகளின் கூட்டல் 21-க்கு மேல் போகாமல், சீட்டுப் போடுபவரை முந்த வேண்டும். இன்னொரு சீட்டு கேட்பது 'ஹிட்'. போதும் என்பது 'ஸ்டாண்ட்'. பந்தயத்தை இரண்டு மடங்காக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குவது 'டபுள்'. ஜோடி சீட்டைப் பிரித்து இரண்டு கையாக ஆடுவது 'ஸ்பிளிட்'. 21-ஐத் தாண்டினால் 'பஸ்ட்'. சமமாக வந்தால் 'புஷ்', போட்ட பணம் திரும்ப வரும்.

இதில் எங்கே பிடி இருக்கிறது? 'பஸ்ட்' என்ற சின்ன வார்த்தையில். ஆடுபவர் முதலில் சீட்டு வாங்கி முடிக்க வேண்டும். 21-ஐத் தாண்டினால் பணம் அப்போதே போச்சு. பின்னால் சீட்டுப் போடுபவரும் தாண்டினார் என்றால்கூட திரும்ப வராது. இரண்டு பேரும் விழுந்தால் ஒருத்தருக்குத்தான் அடி!

'பிளாக்ஜாக்' என்ற வார்த்தைக்கே இரண்டு விலை. ஆஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் முதல் இரண்டில் வந்தால் 3-க்கு 2 கணக்கு என்பது பழைய வழக்கம். ரூ.100 கட்டினால் ரூ.150 லாபம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் பல மேசைகளில் இதை 6-க்கு 5 என்று மாற்றி விட்டார்கள். எண் பெரிசாகத் தெரியும், வருவதோ ரூ.120-தான். நல்ல விதிகள் உள்ள மேசையில் ஒரு தப்பும் இல்லாமல் ஆடுபவருக்கு எதிராக விடுதிக்கு இருக்கும் சாதகம் சுமார் அரை சதவீதம். இந்த ஒரு மாற்றத்தில் அது இரண்டு சதவீதத்தை ஒட்டிப் போய் விடுகிறது. 6 பெரிசு, 3 சின்னது என்று நினைத்து உட்கார்ந்தவர்களை என்ன சொல்ல?

அடுத்தது 'இன்சூரன்ஸ்'. நம்ம ஊரில் இந்த வார்த்தைக்கு தனி மரியாதை. குடும்பத் தலைவர் மாசா மாசம் கட்டுவது, ஆபத்துக்கு உதவுவது. பிளாக்ஜாக்கில் அது வெறும் பக்கப் பந்தயம். சீட்டுப் போடுபவர் ஆஸ் காட்டும்போது, கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டு பத்து மதிப்புள்ளதா என்று கட்டுவது. ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். நட்டமில்லாமல் இருக்க மூன்றில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். ஒரு கட்டில் பத்து மதிப்புள்ள சீட்டு 16. ஆஸ் போக மீதி 51. அதாவது 100-க்கு சுமார் 31 தடவைதான். ஒவ்வொரு ரூ.100-க்கும் கிட்டத்தட்ட ரூ.6 போய்க்கொண்டே இருக்கும் 'பாலிசி' இது!

"சீட்டை எண்ணி ஜெயிக்கலாம்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். எட்வர்ட் தோர்ப் என்ற அமெரிக்க கணித பேராசிரியர் 1962-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். பொய் இல்லை. ஆனால் விழுந்த சீட்டு மறுபடி கட்டுக்குள் போகாமல் இருக்கிற மேசையில்தான் அது செல்லும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கைக்கும் புதுசாகக் குலுக்கிப் போடும் ஆட்டத்தில் எண்ணுவதற்கு ஒன்றுமே கிடையாது. ஞாபக சக்திதான் திறமை என்று கோர்ட்டு ரம்மிக்குச் சொன்ன காரணம் இங்கே எடுபடாது.

ஐகோர்ட்டு 2023-ல் விலக்கு சொன்னதும் ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும்தான். பிளாக்ஜாக்குக்கு இல்லை. மாநில சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் உண்டு என்பது ரம்மியில் இருந்து அங்கே தாவியவர்கள் பலருக்குத் தெரியாது.

வெளிநாட்டு தளத்தில் ஜெயித்த பணம் வராவிட்டால் இங்கே யாரிடமும் போய் உரிமையோடு கேட்க முடியாது. "வரி கட்டினால்தான் பணம் வரும்" என்று மேலும் பணம் கேட்டால் அது மோசடிக்காரர்களின் வழக்கமான வேலை. அப்படிப் பணம் போய் விட்டால் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு உடனே போன் பண்ணலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, அந்த அளவுக்குப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். பணம் அனுப்பியதற்கு வந்த எஸ்.எம்.எஸ்., பரிவர்த்தனை எண், எதிர்த் தரப்பின் செல்போன் எண் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.