இரும்புக்கை மாயாவி படமானால் கரண்ட் லாஜிக் பார்க்கணுமா?

துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு வெல்டரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 'ஒருத்தருக்குக் கை இரும்பு. ஹை வோல்டேஜ் ஷாக் அடிச்சதும் அவர் உடம்பு மறைஞ்சிடும், அந்த இரும்புக் கை மட்டும் தெரியும்.' சிரித்துவிடுவார். 'ஷாக் அடிச்சா ஆளு மறையமாட்டான் சார், போயிடுவான்' என்பார். பக்கத்திலேயே இருக்கும் என்ஐடி மாணவரும் அதையேதான் சொல்வார், கொஞ்சம் இயற்பியல் சேர்த்து.

ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே நம்பி ரசித்த ஹீரோ அவர். இரும்புக்கை மாயாவி. 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் தொடங்கிய கதை, 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. இயக்குநர் லோகேஷ் கனகராஜின் கனவுப் படம் என்று பல வருடங்களாகப் பேசப்படுவதும் இதே பெயர்தான்.

அது என்றாவது திரைக்கு வந்தால், முதல் சண்டை இங்கேதான் தொடங்கும். இன்றைய ரசிகர் லாஜிக் கேட்கிறார். எனவே கரண்ட் ஷாக்கைத் தூக்கிவிட்டு, உடம்பை மறைக்கும் ஹைடெக் உடை ஒன்றைக் கொடுத்துவிடலாமா? அல்லது காமிக்ஸில் உள்ளபடியே எடுப்பதா?

லாஜிக் கட்சிக்காரர்கள் உடனே கிறிஸ்டோபர் நோலனைக் கூப்பிடுவார்கள். 2005 முதல் 2012 வரை வந்த அவருடைய மூன்று பேட்மேன் படங்களும் காமிக்ஸின் மாயங்களை ஒவ்வொன்றாகக் கழற்றின. காமிக்ஸில் பேன் என்ற வில்லனுக்கு அசுர பலம் தருவது ஒரு மருந்து. நோலன் படத்தில் அவர் மாட்டியிருப்பது வலி தெரியாமல் இருப்பதற்கான முகமூடி. ஜோக்கரின் வெளுத்த முகம்கூட வெறும் மேக்கப். அது எடுபட்டது உண்மை. ஆனால் பேட்மேனுக்கு முதலிலிருந்தே எந்தச் சக்தியும் கிடையாது. பணமும் பயிற்சியும் கோபமும்தான் அவர். மாயத்தை எடுத்த பிறகும் அவர் முழுசாக மிஞ்சினார். மாயாவியிடமிருந்து கரண்ட்டை எடுத்தால் மிஞ்சுவது ஒரு செயற்கைக் கை மட்டுமே.

இதற்கு நேர் எதிரான பாதையில் போனது பேசில் ஜோசப்பின் 'மின்னல் முரளி' (2021). மின்னல் தாக்கி ஒரு தையல்காரருக்குச் சக்தி வருகிறது. எப்படி என்று படம் விளக்கவே இல்லை, பார்த்தவர்களும் கேட்கவில்லை. காரணம், அதே மின்னல் தாக்கிய ஷிபுவின் பல வருடக் காதலும், ஊர் அவரை நடத்திய விதமும் அப்படியே நிஜம். தமிழில் 'மாவீரன்' (2023) செய்ததும் இதுதான். கார்ட்டூனிஸ்ட் சத்யாவுக்கு மட்டும் வானத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது, அந்த ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது படம். மற்றபடி, குடிவந்த கொஞ்ச நாளிலேயே உதிரும் அடுக்குமாடிச் சுவரை நம்புவதற்கு நமக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை!

ஆகவே மாயாவி கதையில் ஷாக் இருக்கட்டும், அந்த இரும்புக் கையும் மறையாமல் இருக்கட்டும். அதுதான் அவரைக் காட்டிக்கொடுக்கும் பலவீனம், கதையின் பயமே அதில்தான் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மாயம் தீர்ந்து மறுபடியும் கரண்ட்டைத் தேட வேண்டும் என்ற விதியும் அப்படியே. லண்டன், ஆய்வுக்கூடம், உளவாளி வேலை எல்லாவற்றையும் தாராளமாக மாற்றலாம்.

இன்னொன்றையும் விடக்கூடாது. லூயிஸ் கிராண்டேல் ஆரம்பத்தில் நல்லவர் இல்லை. ஒரு விஞ்ஞானியின் உதவியாளர், விபத்தில் கை போனவர். மறையும் சக்தி கிடைத்ததும் முதலில் தப்பான வழியில்தான் போனார். ஹீரோ ஆனது பிறகு. நம் சினிமாவில் முதலில் கத்தரிக்கப்படும் பகுதி இதுவாகத்தான் இருக்கும். யாருக்கும் தெரியாது என்றால் மனிதன் என்ன செய்வான் என்பதைவிட ரியலிசம் வேறு எங்கே கிடைக்கும்?

அந்தரத்தில் மிதக்கும் கை இன்றைக்கு மீம் ஆகிவிடாதா என்ற பயம் நியாயமானது. ஆனால் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் அது சிரிப்பை வரவழைக்கவில்லை. அறை, நிழல், எதிரில் நிற்பவரின் முகத்தில் உறைந்த பயம் என்று சுற்றியிருந்த எல்லாவற்றையும் அவர் நிஜம்போல வரைந்தார். விஎஃப்எக்ஸ் பட்ஜெட்டில் பாதியை எதிரில் நிற்கும் நடிகருக்குக் கொடுத்தாலே போதும்.

கதையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால், 2012-ஐ யோசித்துப் பார்க்கலாம். மணிக்கணக்கில் மின்வெட்டு, வேலை நின்றுபோன பட்டறைகள். எதிரிகள் துரத்த, பாதி உடம்பு தெரிய ஆரம்பித்துவிட்ட மாயாவி இருட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, 'இங்க ஜெனரேட்டர் இருக்கா?' என்று கேட்கிறார். துவாக்குடி வெல்டர் அந்தக் காட்சியில் லாஜிக் கேட்கமாட்டார்.